பே-பர்-கால்: ‘உயர்கட்டண அழைப்பு’ வேண்டாம், ‘விலையழைப்பு’ எப்படி?

வணக்கம் நண்பர்களே,

ஒரு எண்ணை அழைத்துக் கேட்கும் சேவைக்கான பணம் நம் தொலைபேசி பில்லிலேயே சேர்ந்து வருவதைத்தான் ஆங்கிலத்தில் பே-பர்-கால் (pay-per-call) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘உயர்கட்டண அழைப்பு’ என்றே வைத்து முடித்துவிடலாம் என்ற கருத்தை இங்கே படித்தேன். எனக்கு மனம் ஒப்பவில்லை. பிரிட்டனில் இதை பிரீமியம் ரேட் என்பார்கள், அதற்கு அந்தச் சொல் பொருந்தும். ஆனால் வெளிநாட்டுக்குப் பேசினாலும் கட்டணம் உயரத்தான் செய்யும், அதை யாரும் பே-பர்-கால் என்று சொல்வதில்லையே.

80களின் கடைசியில் அமெரிக்க டிவியில் வந்த 900 எண் (அதாவது 900 என்று தொடங்கும் பே-பர்-கால் எண்) விளம்பரங்களுக்குத் தமிழ் வசனவரி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜாஸி ஜெஃப், ஃப்ரெஷ் பிரின்ஸ் (பிற்பாடு நாம் அறிந்த வில் ஸ்மித்தேதான்), நியூ கிட்ஸ் ஆன் த பிளாக் என்ற பாடகர் குழு, இளம் நடிகர்கள் கோரி ஹைம், கோரி ஃபெல்ட்மன் என நட்சத்திரங்கள் பலருக்கும் இப்படி எண் இருந்தது. நட்சத்திரம் திரையில் நின்று ‘என்னைக் கூப்பிடு’ என்பார், எண் பெரிதாக ஓடும், முதல் நிமிடத்துக்கு இவ்வளவு, அப்புறம் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இவ்வளவு என்று ஒரு குரல் வேகமாகச் சொல்லிவிட்டு, அப்பா அம்மாவிடம் கேட்டுவிட்டு அழையுங்கள் என்று முடிக்கும். அழைத்தால் பெரும்பாலும் கிடைத்தது முன்பே பதிவுசெய்த குரல். ஆக, பிள்ளைகள் வாங்கியது ஒரு சரக்கை. தொலைபேசி அதற்குக் கடையாகவும் கல்லாப்பெட்டியாகவும் இருந்தது. வசூலான பணத்தில் தொலைபேசி நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அந்த எண்ணை நடத்தியவருக்குக் கொடுத்தது.

இதே 900 எண்ணுக்கு முந்தைய கதை ஒன்று உண்டு. 1980இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான கார்ட்டர்–ரீகன் விவாதம் முடிந்ததும் வென்றது யார் என்று ஏபிசி தொலைக்காட்சி மக்களைக் கேட்டது, அழைப்புக்கு 50 சென்ட், சுமார் 7 லட்சம் பேர் அழைத்தார்கள். அந்தப் பணம் தொலைபேசி நிறுவனத்துக்கே போனது, அழைத்தவர் கேட்டு வாங்கியதாக எதுவும் இல்லை. அதைக் ‘கட்டண அழைப்பு’ என்றால் நான் ஒத்துக்கொள்வேன். பணத்தைப் பங்கு பிரித்துக்கொள்ளும் முறை வந்த பிறகுதான் நட்சத்திரங்கள் வரிசைகட்டி வந்தார்கள். அந்த வேறுபாட்டைச் சொல் காட்ட வேண்டாமா?

அதனால்தான் ‘விலையழைப்பு’ என்கிறேன். பேருந்தில் ஏறினால் கட்டணம், கடையில் வாங்கினால் விலை. நம் பேச்சிலேயே இந்தப் பிரிவு இருக்கிறது. 800 எண்ணுக்குக் ‘கட்டணமில்லா எண்’ என்பது ஏற்கெனவே ஊன்றிவிட்டது, அதைத் தொட வேண்டாம். ‘பங்குக்கட்டண அழைப்பு’ என்ற முன்மொழிவு கணக்கு எழுதுபவருக்குச் சரி, அழைக்கும் பிள்ளைக்குப் பங்கு பிரிப்பதெல்லாம் தெரியாது.

‘விலை’ என்று தொடங்கினால் விலைமகள் நினைவுக்கு வரும் என்று ஒருவர் தயங்கியிருந்தார். விலைவாசி, விலைப்பட்டியல் என்று நாள்தோறும் சொல்கிறோம், அப்போதெல்லாம் அப்படித் தோன்றுவதில்லையே. பாலியல் பேச்சு எண்களும் இதே 900இல்தான் ஓடின, பாடகி டியான் வார்விக் விளம்பரத்தில் வந்த சோதிடச் சேவையும் இதில்தான் ஓடியது. சொல் எல்லாவற்றையும் தாங்க வேண்டும், இது தாங்கும்.

கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன: விலையழைப்பு எண், நட்சத்திர விலையழைப்பு, வீட்டுத் தொலைபேசியிலிருந்து 900 போகாதபடி அடைப்பதற்கு விலையழைப்புத் தடை. 1992இல் அமெரிக்காவில் இதற்கென்றே சட்டம் வந்தது, மறுவருடம் விதிகள் வந்தன. விளம்பரத்தில் விலையை எண்ணின் பாதி அளவுக்காவது பெரிதாகக் காட்ட வேண்டும். அழைப்பு 2 டாலரைத் தாண்டுமானால் தொடக்கத்திலேயே விலையைச் சொல்லி, வேண்டாம் என்பவர் காசு போகாமல் வைத்துவிட இடம் கொடுக்க வேண்டும். அந்தத் தொடக்க அறிவிப்புக்கு ‘விலைமுன்னுரை’ என்று போட்டுவைத்திருக்கிறேன், ஆனால் முன்னுரை என்றதும் புத்தகம்தான் நினைவுக்கு வருகிறது. ‘விலையறிவிப்பு’ போதுமா, வேறு ஏதாவது தோன்றுகிறதா?