ஹியரிங் லாஸ்: ‘இழப்பு’ வேண்டாம், ‘குறைவு’ சரியாக இருக்கும்

வணக்கம் நண்பர்களே,

‘ஹியரிங் லாஸ்’ என்ற ஆங்கில மருத்துவச் சொல்லுக்குத் தமிழில் ‘கேட்பிழப்பு’ என்ற பரிந்துரையைப் பார்த்தேன். சுருக்கமான சொல்தான். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. ‘கேட்பு’ ஏற்கெனவே அலுவலகத் தமிழில் வேறு பொருளில் புழங்குகிறது. கேட்புத் தொகை என்றால் காப்பீட்டில் கோரும் பணம்.

அதைவிடப் பெரிய சிக்கல் ‘இழப்பு’. உயிரிழப்பு, பார்வையிழப்பு என்றால் முழுதாகப் போய்விட்டது என்றுதான் நாம் புரிந்துகொள்வோம். காதுப் பரிசோதனையில் பார்ப்பதோ அளவு: ஒலி எத்தனை டெசிபெல் (ஒலியை அளக்கும் அலகு) இருந்தால்தான் காதில் விழுகிறது என்பது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டின்படி 20 முதல் 35 டெசிபெல்லுக்குள் என்றால் லேசானது, 35 முதல் 50க்குள் என்றால் மிதமானது. 95ஐத் தொட்டால்தான் முழுமையானது. ‘லேசான கேட்பிழப்பு’ என்று எழுதிக் கொடுத்தால் நோயாளி பயந்துதான் போவார்.

வயதானவர்களைக் கவனியுங்கள். “சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல” என்பார்கள். உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் மங்கும். அதனால் ச, த போன்ற மெய்யொலிகள் நழுவிப்போகும். அவர்கள் எதையும் முழுதாக இழக்கவில்லை, குறைந்திருக்கிறது. ஊரில் இதைக் ‘காது மந்தம்’ என்பார்கள். பேச்சுக்கு அருமையான சொல், ஆனால் அறிக்கையில் ‘45 டெசிபெல் மந்தம்’ என்று எழுத முடியாது.

என் பரிந்துரை ‘செவித்திறன் குறைவு’. செவித்திறன் என்ற சொல் பள்ளிப் பெயர்களிலேயே இருப்பதால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘குறைபாடு’ ஆளைச் சுட்டும், ‘குறைவு’ அளவைச் சுட்டும். வகைகளும் இதிலிருந்தே எளிதாகப் பிரியும். குறும்பி (காதழுக்கு) அடைத்தாலோ, செவிப்பறை கிழிந்தாலோ, நடுக்காதில் சீழ் கட்டினாலோ ஒலி சரியாக உள்ளே போகாது: அது கடத்தல்வழிக் குறைவு. காக்ளியாவின் (உட்காதில் உள்ள நத்தை வடிவ உறுப்பு) ஒலியை உணரும் மயிரணுக்களோ செவிநரம்போ பழுதானால் நரம்புவழிக் குறைவு. இரண்டும் சேர்ந்தால் கலப்புக் குறைவு. முதல் வகையைப் பெரும்பாலும் மருந்திலோ அறுவையிலோ சரிசெய்யலாம், அந்த மயிரணுக்கள் திரும்ப முளைக்காது. அதனால் இந்த வேறுபாடு பெயரிலேயே தெரிய வேண்டும்.

மனிதர்களைக் குறிக்கும்போது மட்டும் ‘காது கேளாதோர்’ என்றே இருக்கட்டும். சைகை மொழியில் வாழ்பவர்கள் பலர் தங்களைக் குறையுள்ளவர்களாக நினைப்பதில்லை. ‘செவிடு’ புறநானூற்றிலேயே உள்ள சொல்தான், ஆனால் இன்று வசவாகிவிட்டது, எடுக்க வேண்டாம்.

இன்னொன்று பாக்கி. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் இரு காதிலும் 70 டெசிபெல் குறைவு என்றால் ஒரு பிரிவு, 60 முதல் 70 என்றால் வேறு பிரிவு என்கிறது. இரண்டாம் பிரிவினரை ‘செவித்திறன் குறைந்தோர்’ எனலாமா? வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.