அட்ரினல் கட்டி: மரபணுப் பரிசோதனை எங்கே செய்யலாம்?

வணக்கம். என் தங்கைக்கு (வயது 29, திருநெல்வேலி) வலது அட்ரினல் சுரப்பியில் (சிறுநீரகத்துக்கு மேலே இருப்பது) 4 செ.மீ. ஃபியோகுரோமோசைட்டோமா கட்டி; பிபியை ஏற்றும் ஹார்மோன்களை அதிகமாகச் சுரக்கும் கட்டி இது. ஜனவரியில் லேப்ராஸ்கோப்பி மூலம் எடுத்தார்கள். பயாப்சியில் சாதாக் கட்டிதான், புற்றுநோய் இல்லை என்றார்கள்.

ரெண்டு வருஷமாகத் திடீர் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, படபடப்பு. முகம் வெளுத்துப்போய், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தாலும் நைட்டி தொப்பலாக நனைந்துவிடும். பதற்றம் என்று சொல்லித் தூக்க மாத்திரைதான் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் பிபி 210/120 இருந்ததைப் பார்த்த பிறகுதான் 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை. அந்த ஹார்மோன்கள் சிதைந்து வரும் பொருள்கள் இரண்டில் நார்மெட்டாநெஃப்ரின் மட்டும் பல மடங்கு, மெட்டாநெஃப்ரின் நார்மல். இப்போது மாத்திரை இல்லாமலே 120/80.

கவலை இனிமேல்தான். இந்தக் கட்டி வருபவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பிறவியிலேயே மரபணு மாற்றம் இருக்குமாம். நார்மெட்டாநெஃப்ரின் மட்டும் கூடியதால் வி.எச்.எல். (VHL), எஸ்.டி.எச்.பி. (SDHB) என்ற இரண்டு மரபணுக்களில் மாற்றம் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொன்னார் டாக்டர். மாற்றம் இருந்தால் பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு; அவளுக்கு 6 வயதில் மகள் இருக்கிறாள். எங்கள் அப்பாவும் 40 வயதுக்குள் பிபி ஏறி, மூளையில் ரத்தக் கசிவு வந்து காலமானவர். அதுதான் உறுத்துகிறது.

இப்படிப்பட்ட மரபணு மாற்றங்களோடு வரக்கூடிய மற்ற கட்டிகளுக்காக விழித்திரை, சிறுநீரக ஸ்கேன், கால்சிடோனின் (ஒருவகைத் தைராய்டு புற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனை) பார்த்தாயிற்று, குறை இல்லை. உள்ளூர் லேப்களில் இந்த மரபணு டெஸ்ட் பற்றித் தெரியவில்லை. ஒரே இடத்தில் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்புவார்களாம், ஆனால் ரிப்போர்ட்டை விளக்க ஆள் கிடையாதாம். காப்பீட்டிலும் வராது என்றுவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் இந்த மரபணு டெஸ்டை, மரபணு ஆலோசனையோடு சேர்த்து, எங்கே, சுமார் என்ன செலவில் செய்யலாம்?