பிராகில் ஒரே ஒரு ஞாயிறு, யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம் மக்களே. அடுத்த மாதம் வியன்னாவிலிருந்து ரயிலில் பிராக் போகிறோம். சுற்றிப் பார்க்க ஞாயிறு மட்டும்தான். அம்மாவும் வருகிறார், முட்டிவலி, படி என்றாலே பயம்.

விடிந்ததும் சார்லஸ் பாலம் (1357-ல் கட்டத் தொடங்கியது, இருபுறமும் 30 சிலைகள்). கொஞ்சம் தாமதித்தாலும் படத்தில் ஊரார் தலைதான் விழும் என்கிறார்கள். அப்புறம் 22-ம் எண் டிராமில் கோட்டைக்குப் போகலாம் என்றால், சிக்கலே அங்கேதான். புனித வீத்துஸ் பேராலயத்தில் ஞாயிறு காலை வழிபாடு. சுற்றுலாக்காரர்களை மதியம்தான் உள்ளே விடுவார்கள்.

அதனால் பழைய நகரச் சதுக்கத்தை முதலில் முடித்துவிடலாமா? 1410-ம் ஆண்டு வானியல் கடிகாரத்தில் எலும்புக்கூடு மணியடிக்க, மேலே ஜன்னலில் அப்போஸ்தலர்கள் வரிசையாக வந்துபோவதை அம்மா பார்த்தே ஆகணுமாம். யூதக் குடியிருப்பின் தொழுகைக்கூடங்களுக்குச் சனிதான் விடுமுறை, ஞாயிறு பிரச்சினையில்லை. ஆனால் அதையும் சேர்த்தால் அம்மா தாங்குவாரா?

கோட்டையிலிருந்து இறங்க நெருடோவா தெரு சரிவு பரவாயில்லையா, இல்லை திரும்பவும் டிராமே பிடிப்பது நல்லதா? கல் பாவிய தெருவில் அவருக்கு எந்தச் செருப்பு ஒத்துவரும்? பக்கத்தில் சைவச் சாப்பாடு கிடைக்கும் இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள்.