என்ஜிசி 6822 (பர்னார்ட் கேலக்சி): இடம் சரி, ஆனால் ஒன்றுமே தெரியவில்லை

கேள்வி:
8 இன்ச் டாப்சோனியன் தொலைநோக்கி, எஃப்/6 (குவியத்தூரம் விட்டத்தைப்போல் 6 மடங்கு), ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) 10 மி.மீ. சுற்றியுள்ள நட்சத்திரங்கள் வரைபடத்தோடு ஒத்துப்போகின்றன. கேலக்சி மட்டும் இல்லை. ஒளியளவு 9 என்கிறார்கள் (எண் குறைந்தால் பிரகாசம் கூடுதல்); 8.8 உள்ள எம்57 (வளைய நெபுலா) சட்டென்று தெரிகிறதே? 1884-இல் இதைக் கண்டுபிடித்த வானியலாளர் பர்னார்ட் சின்ன ரிஃப்ராக்டரில் (லென்ஸ் தொலைநோக்கியில்) எப்படிப் பிடித்தார்?

பதில் 1:
கோளாறு அந்த 10 மி.மீ.யில்தான். எம்57 ஒன்றரை ஆர்க் நிமிடம்கூட இல்லை (60 ஆர்க் நிமிடம் ஒரு டிகிரி). நீங்கள் தேடும் கேலக்சி 15 ஆர்க் நிமிடம். ஏறக்குறைய அதே ஒளி நூறு மடங்குக்கும் அதிகமான பரப்பில் பரவிக் கிடக்கிறது. 120 மடங்கு பெரிதாக்கினால் ஐபீஸில் தெரியும் புலத்தின் அகலத்தில் பாதிக்கு மேல் கேலக்சியே நிரம்பிவிடும். ஓரம் எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடாது. 30 மி.மீ. போடுங்கள். 40 மடங்கு, ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் 1.7-க்குப் பதில் 5 மி.மீ., மேற்பரப்பு வெளிச்சம் முன்னைப்போல் 9 மடங்கு. பர்னார்ட் வால்நட்சத்திரம் தேடுகிறவர், அகலப் புலம் அவருக்குக் கைவந்த கலை. 4 இன்ச் ஃபைண்டரில் (இடம் பிடிக்க உதவும் சிறு தொலைநோக்கியில்) இந்தக் கேலக்சி நன்றாகத் தெரிகிறது, 100 இன்ச் தொலைநோக்கியில் கண்ணுக்குத் தட்டுப்படுவதே அரிது என்று வானியலாளர் எட்வின் ஹபிளே 1925-இல் எழுதியிருக்கிறார்.

பதில் 2:
54 தனுசு என்ற நட்சத்திரத்திலிருந்து வடகிழக்கே 1.8 டிகிரி தள்ளுங்கள். நேராகக் கேலக்சியைத் தேடாமல், முதலில் அதற்கு 40 ஆர்க் நிமிடம் வடக்கு-வடமேற்கில் உள்ள என்ஜிசி 6818 என்ற கோள்வடிவ நெபுலாவைப் பிடிப்பது நல்லது. சின்ன நீலப்பச்சைப் புள்ளி, குறைந்த பெருக்கத்தில் நட்சத்திரம் மாதிரிதான் இருக்கும். 30 மி.மீ.யில் இரண்டும் ஒரே புலத்தில் வரும். பிறகு குழாயை விரலால் லேசாகத் தட்டுங்கள். அசையும்போது மங்கல் தனியாகப் பிரிந்து தெரியும். ஆகஸ்ட் கடைசியில் இரவு 9 மணிக்குச் சற்றுப் பின் தன் அதிகபட்ச உயரத்தில் இருக்கும், தமிழ்நாட்டில் 60 டிகிரிக்கு மேல். நகர வெளிச்சத்தில் முயல்வது வீண்.

கேட்டவர்:
யுஎச்சி ஃபில்டர் (ஒளிரும் வாயுவின் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) போட்டால்?

பதில் 2:
கேலக்சிக்கு உதவாது, நட்சத்திர ஒளியையும் வெட்டிவிடும். 10, 12 இன்ச்சில் மட்டும் வட ஓரத்தில் ஹபிள் 10, ஹபிள் 5 என்ற வாயு மேகங்களை அந்த ஃபில்டர் எடுத்துக்காட்டும்.

பதில் 3:
இந்தக் கேலக்சியின் தூரம் பற்றி: ஹபிள் 11 செபீட் நட்சத்திரங்களை (ஒளி கூடிக் குறையும் காலத்திலிருந்து உண்மை ஒளியைக் கணிக்க முடிகிறவை) வைத்து 7 லட்சம் ஒளியாண்டு என்றார். இன்றைய கணக்கு 16 லட்சம். செபீட்களின் உண்மை ஒளியை அப்போது குறைவாக எடுத்ததுதான் முக்கியக் காரணம். அளவு தப்பினாலும் பால்வழிக்கு வெளியே என்ற முடிவு அசையவில்லை.