அக்காவிடம் வாங்கியதை முதலில் அடைப்பதா, கார்டு கடனையா?

கேள்வி: தூங்காதவன்

எனக்கு மூன்று கடன் இருக்கிறது. தொகையை வெளியே சொல்லக் கூச்சமாக இருப்பதால் மொத்தத்தையும் 100 என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். வங்கியில் வாங்கிய தனிநபர் கடனில் பாக்கி 45. கிரெடிட் கார்டில் 38. அக்காவிடம் வாங்கியது 17.

வங்கித் தவணை சம்பளம் வந்ததும் தானாகப் போய்விடும். வீட்டுச் செலவும் அந்தத் தவணையும் போக மாதம் 3 கையில் நிற்க வேண்டும். நிற்பதில்லை. கார்டு பில்லில் குறைந்தபட்சம் என்று வருவதை மட்டும் கட்டுகிறேன், மிச்சம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. மாதக் கடைசியில் மறுபடியும் அதே கார்டைத்தான் நீட்டுகிறேன். அதற்கு மாதம் 3 சதவீத வட்டி.

அக்கா கொடுத்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். ஐந்து மாதம் வேலையில்லாமல் இருந்தேன். நான் கேட்கக்கூட இல்லை. அவளாகவே வைப்புநிதியை முதிர்வுக்கு முன்பே உடைத்து அனுப்பினாள். வட்டி கிடையாது, கெடு கிடையாது, இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் அவள் அழைத்தால் எடுக்கக் கை வரவில்லை. போன வாரம் மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் ஒரு செய்தி வந்தது: “சும்மாதான் கூப்பிட்டேன்டா.”

வட்டியைப் பார்த்தால் கார்டுதான் முதலில். மனசு அக்காவைச் சொல்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கார்டில் இவ்வளவு இருப்பது என் மனைவிக்குத் தெரியாது. உண்மையிலேயே கடனை அடைத்து வெளியே வந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

---

பதில்: கணக்குப்பிள்ளை

கார்டுதான், சந்தேகமே வேண்டாம். மாதம் 3 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36 என்று பலர் நினைக்கிறார்கள். வட்டிக்கு வட்டி சேர்ந்து அது 42.6 சதவீதம் ஆகிறது.

குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் என்ன ஆகும் என்று ஒரு முறை போட்டுப் பார்த்திருக்கிறேன். பாக்கியில் 5 சதவீதம் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் 100 இருந்தால், ஒரு வருடத்தில் நீங்கள் கட்டுவது ஏறத்தாழ 55. கடன் குறைவது 23தான். மீதி 32 வட்டி. இதுவும் புதிதாக எதுவும் தேய்க்காமல் இருந்தால்தான். பழைய பாக்கி நிற்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்குப் பெரும்பாலும் வட்டியில்லா நாட்களும் கிடைக்காது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

உங்கள் எண்களையும் போட்டேன். மாதம் 3ஐயும் கார்டுக்கே கட்டி, முடிந்ததும் அக்காவுக்குத் திருப்பினால் இரண்டும் 22 மாதத்தில் முடியும். அக்காவுக்கு முதலில் கொடுத்துக்கொண்டு கார்டுக்குக் குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் 25 மாதம் ஆகும்.

---

பதில்: ஐந்தாம் தேதி

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று இரவே படித்தேன். உடனே எழுத முடியவில்லை. என் கதையின் பாதி அதில் இருந்தது.

எங்கள் வீட்டில் ஏழு கடன் இருந்தது. எல்லாம் அடைபட ஐந்து வருடமும் இரண்டு மாதமும் ஆனது. முதல் ஒன்றரை வருடம் வீண். அப்போது என் கணவருக்கும் எனக்கும், இரண்டு பேரில் யாருக்கும் முழுத்தொகை தெரியாது. அவருக்குத் தெரிந்தது நாலு, எனக்குத் தெரிந்தது அஞ்சு. நான் என் கார்டை மறைத்திருந்தேன், அவர் நண்பரிடம் வாங்கியதை மறைத்திருந்தார். ஒருநாள் ராத்திரி பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கம் ஒவ்வொன்றாக எழுதினோம். யாரிடம், பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு, எந்தத் தேதி. எழுதி முடித்ததும் அவர் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போகவில்லை. அரை மணி நேரம் கழித்து வந்து, “கூட்டல் சரியா என்று இன்னொரு தடவை பார்” என்றார். அன்றைக்கு அழுதோம்தான். ஆனால் ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கியதும் அன்றைக்குத்தான். அதனால் எதை முதலில் அடைப்பது என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் உங்கள் மனைவியிடம் அந்த 38ஐச் சொல்லுங்கள். கையில் நிற்க வேண்டிய 3 ஏன் நிற்கவில்லை என்பது இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால்தான் தெரியும். ஒருவர் மறைத்துக்கொண்டே சிக்கனம் பிடிக்க முடியாது. மற்றவருக்கு எதற்காகச் சிக்கனம் என்றே தெரியாதே.

இப்போது உங்கள் அக்கா விஷயம். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்களுக்கு அந்த இடத்தில் இருந்தவர் என் கொழுந்தனார். வட்டி வேண்டாம், முடிந்தபோது கொடுங்கள் அண்ணி என்றார். நாங்களும் மேலே ஒருவர் சொன்ன கணக்கைத்தான் போட்டோம். வட்டி அதிகமானது முதலில், வட்டி இல்லாதது கடைசியில். தாளில் அது சரிதான். நாலு வருடம் அவருக்கு ஒரு காசு கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் அவர் வீட்டில் விசேஷம் என்றால் நாங்கள் கடைசியாகப் போய் முதலில் கிளம்புவோம். புதுத் துணி உடுத்திக்கொண்டு அவர்கள் முன்னால் நிற்க எனக்குப் பயம். ‘இதற்கு மட்டும் பணம் இருக்கிறதா’ என்று நினைப்பார்களோ என்று தோன்றும். அவர்கள் அப்படி நினைத்தார்களா என்று தெரியாது, நான் நினைத்தேன்.

நாலாவது வருடம், பேச்சுவாக்கில் என் ஓரகத்தி சொன்னாள். அவர்கள் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டி வந்தபோது கொழுந்தனார் வெளியே வட்டிக்கு வாங்கியிருக்கிறார். அதற்குப் பதினெட்டு மாதமாக வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். எங்களிடம் கேட்டால் சங்கடப்படுவோம் என்று கேட்கவில்லையாம். எங்கள் தாளில் ‘வட்டி 0’ என்று எழுதியிருந்தோமே, அந்த வட்டியை அத்தனை நாளும் அவர் கட்டியிருக்கிறார். எனக்கு அன்றைக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அதனால் அக்காவைக் கடைசியில் வைக்காதீர்கள். முதலிலும் வைக்க வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, நாங்கள் தாமதமாகக் கண்டுபிடித்தது. உங்கள் 3இல் அரையை முதல் மாதத்திலிருந்தே அக்காவுக்கு அனுப்புங்கள். மீதி இரண்டரை கார்டுக்கு. என் மகனை விட்டுக் கணக்குப் போடச் சொன்னேன். இப்படிச் செய்தால் இரண்டும் முடிய 23 மாதம் ஆகிறது. எல்லாவற்றையும் கார்டில் கொட்டினால் 22. வித்தியாசம் ஒரே ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தைக் கொடுத்து அக்கா அழைத்தால் எடுக்கிற தைரியத்தை வாங்கிக்கொள்ளலாம் என்றால், நான் யோசிக்கவே மாட்டேன்.

அனுப்புவதற்கு முன்னால் பேசுங்கள். “அக்கா, இவ்வளவு பாக்கி, மாதம் இவ்வளவு அனுப்புகிறேன், கார்டு முடிந்ததும் கூட்டி அனுப்புகிறேன். நடுவில் உனக்கு அவசரம் வந்தால் வெளியே வாங்காமல் என்னிடம் சொல்.” அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். எங்களுக்கு அதைச் சொல்லத் தெரியாமல் போனது. தேதியும் ஒன்றாகவே இருக்கட்டும். நாங்கள் ஐந்தாம் தேதி என்று வைத்தோம், ஒரு மாதமும் தவறவில்லை. சிறிய தொகைதான். ஆனால் மூன்றாவது மாதமே கொழுந்தனார் பழையபடி வீட்டுக்கு வந்து சட்டமாக உட்கார்ந்து பேசினார்.

இன்னொன்று. முதல் தடவை நாங்கள் வேகமாக ஆரம்பித்தபோது கையிலிருந்த கடைசிக் காசுவரை கார்டில் கட்டினோம். இரண்டாவது மாதமே ஃபிரிட்ஜ் பழுதானது. கையில் ஒன்றுமில்லை, மறுபடியும் கார்டு. கட்டியதில் முக்கால்வாசி திரும்ப ஏறிவிட்டது. என் கணவர் ரொம்ப உடைந்துபோனார், இனி முடியாது என்றுகூடச் சொன்னார். அதற்கப்புறம்தான் இரண்டு மாதம் கடனுக்குக் கூடுதலாக எதுவும் கட்டாமல் ஒரு சின்னத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டோம். வட்டிக் கணக்குப்படி அது நஷ்டம்தான். ஆனால் அப்புறம் கார்டைத் தொட வேண்டி வரவில்லை. கார்டையும் வெட்டினோம். எண் கைபேசிச் செயலிகளில் பதிந்து கிடந்தது, அதை ஒவ்வொன்றாக நீக்கியதுதான் உண்மையான வெட்டு.

ஒரு கடன் முடிந்ததும் அந்தத் தவணையை அதே மாதம் அடுத்த கடனுக்குத் திருப்பிவிட வேண்டும். ஒரு மாதம் கையில் விட்டோம், வீட்டுச் செலவு அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. திரும்பப் பிடுங்க மூன்று மாதம் ஆனது.

---

பதில்: பழைய ரசீது

மேலே அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

என் அனுபவம் கொஞ்சம் வேறு. ஐந்து கடனில் மிகச் சிறியதை முதலில் அடைத்தேன், வட்டியைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கூடுதலாகக் கட்டியிருப்பேன். ஆனால் ஒரு பெயர் பட்டியலிலிருந்து போனது எனக்கு வேண்டியிருந்தது. 2012இல் டேவிட் கால், பிளேக்லி மெக்ஷேன் என்ற இருவர் கடனாளிகளின் தரவை ஆராய்ந்து, கணக்குகளை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே போனவர்கள் முழுக்கடனையும் அடைக்கும் வாய்ப்பு அதிகம் என்று எழுதினார்கள். என் விஷயத்தில் அது உண்மை.

தூங்காதவனுக்கு ஒரு யோசனை. கார்டு பாக்கியைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்றித் தருவார்களா என்று வங்கியில் கேளுங்கள். ஆனால் ‘ஃபிளாட் வட்டி’ (கட்டக் கட்டப் பாக்கி குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத்தொகைக்கே போடும் வட்டி) என்று சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். 3 வருடத்துக்கு 10 சதவீத ஃபிளாட் என்பது, குறையும் பாக்கிக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 18 சதவீதம். நான் இது தெரியாமல் கையெழுத்துப் போட்டவன். அப்படிப் பார்த்தாலும் 42ஐ விட 18 எவ்வளவோ மேல்தான். ஆனால் மாற்றியதும் கார்டு காலியாகத் தெரியும். அந்த நேரத்தில்தான் மறுபடி ஏறும், கவனம்.

---

பதில்: கணக்குப்பிள்ளை

ஐந்தாம் தேதி அக்கா சொன்ன, அரையும் இரண்டரையுமாகப் பிரிக்கும் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். 23 மாதம் சரிதான். அந்த வழியை நான் யோசிக்கவில்லை. என் பதிலை மாற்றிக்கொள்கிறேன், இதையே செய்யுங்கள்.

---

பதில்: தூங்காதவன்

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

மனைவியிடம் சொல்லிவிட்டேன். கோபப்படுவாள் என்று பயந்தேன். கோபம் வந்தது, ஆனால் கடன் மேல் இல்லை. “இரண்டு வருடம் நான் பக்கத்தில்தானே இருந்தேன்” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் அவளே நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் மறந்தே போன இரண்டு சந்தா மாதாமாதம் கார்டில் போய்க்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தாள். அன்றைக்கே நிறுத்தினோம். வங்கியில் தவணையாக மாற்றக் கேட்டிருக்கிறோம். ஃபிளாட்டா, குறையும் பாக்கிக்கா என்று அவள்தான் கேட்டாள்.

அக்காவை நேற்று அழைத்தேன். தொகையைச் சொன்னதும், “அதெல்லாம் இப்போது யார் கேட்டார்கள்” என்றாள். அவசரம் வந்தால் வெளியே வாங்காமல் என்னிடம் சொல் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், வீட்டில் கழிவறைக் குழாய் எட்டு மாதமாக ஒழுகுகிறது, சரி செய்ய ஆகும் செலவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன் என்றாள்.

முதல் இரண்டு மாதத்துக்கு அவளுக்கு அரை இல்லை, ஒன்று அனுப்பலாம் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருக்கிறோம். ஒரு மாதம் தள்ளி முடிந்தாலும் பரவாயில்லை. தேதி ஐந்து.