‘பிரைஸ் மேட்ச்’: விலைப் பொருத்தமா, விலை ஈடா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

‘வேறு கடையில் விலை குறைவு என்றால் அதே விலைக்கு நாங்களும் தருகிறோம்’ என்று கடைகள் சொல்லும் ‘பிரைஸ் மேட்ச் கேரண்டி’க்குத் தமிழ்ச்சொல் கேட்டுத் தொடங்கிய இந்த இழையில் இதுவரை விலைப் பொருத்த உத்தரவாதம், சமவிலை உறுதி, ஒப்புவிலை வாக்குறுதி என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் படித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: கடை தானாக முன்வந்து விலையைக் குறைத்துவிடும் என்று மூன்றும் நம்பவைக்கின்றன. நடப்பு அப்படியில்லை. வாங்குபவர்தான் வேறு கடையின் விலையைத் தேடிப் பிடிக்க வேண்டும், ஆதாரம் காட்ட வேண்டும், வாய்திறந்து கேட்க வேண்டும். கேட்காதவர் சீட்டில் உள்ள விலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். நாம் ஆக்கும் சொல் இந்த உண்மைக்குத் திரை போடக் கூடாது.

> பொருத்தம் மக்களுக்கு நன்கு பழகிய சொல். அதையே வைத்துக்கொள்ளலாமே, ஐயா.

பழகிய சொல்தான் அம்மா, ஆனால் வேறு பொருளில் பழகியது. சாதகப் பொருத்தம், நிறப்பொருத்தம் என்னும்போது வெவ்வேறான இரண்டு ஒன்றுக்கொன்று இசைகின்றன. விலைப் பொருத்தம் என்றால் ‘பொருளுக்கு ஏற்ற விலை’ என்றே காதில் விழும். இங்கே நடப்பது வேறு. எதிர்க்கடைக்காரர் 900 சொன்னால் இவரும் 900க்கு இறங்கி வருகிறார். இதற்குத் தமிழில் தயாராக ஒரு சொல் இருக்கிறது: ஈடு. ‘அவனுக்கு ஈடுகொடுத்து ஓடினான்’ என்கிறோம். ‘ஈடு இணை இல்லை’ என்கிறோம். இழப்பீட்டிலும் இருப்பது இந்த ஈடுதான். வித்தியாசத் தொகையை வாங்கிய பிறகு திருப்பித் தரும் கடைகளுக்கும் அது பொருந்துகிறது. ஆகவே என் பரிந்துரை ‘விலை ஈடு’. வினையாக ‘ஈடு கேட்பது’, ‘ஈடு தருவது’. கேட்பவர் ஒருவர், தருபவர் ஒருவர் என்பது வினையிலேயே தெரிந்துவிடும்.

சேர்த்து ‘விலையீடு’ என்று எழுத வேண்டாம் என்பது என் வேண்டுகோள். சேர்த்தால் மதிப்பீடு, முதலீடு வரிசையில் போய் நின்று, விலை இடுதல் என்ற பொருளைத் தந்துவிடும்.

அடுத்து, ‘உத்தரவாதம்’, ‘உறுதி’ ஆகிய பின்னொட்டுகள். இவற்றை விட்டுவிடலாம் என்கிறேன். காரணத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கலைச்சொல்லுக்கு வேண்டிய சரக்கெல்லாம் விளம்பரத்தின் அடியில் பொடியெழுத்தில் போடும் நிபந்தனைகளில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் மின்னணுப் பொருள் விற்கும் பெஸ்ட் பை கடையை எடுத்துக்கொள்வோம். நிறுவனம், மாடல் எண், நிறம் என எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் ஈடு. எதிர்க்கடையில் பொருள் அந்த நேரம் கையிருப்பில் இருக்க வேண்டும். திறந்த பெட்டி, புதுப்பித்த பொருள், கையிருப்பைத் தீர்க்கும் விற்பனை எதற்கும் ஈடு கிடையாது. ஆண்டிலேயே விலை அதிகம் விழும் நன்றி நவிலல் வார விற்பனைக்கும் கிடையாது. அமேசான் விலைக்கு ஈடு உண்டு, ஆனால் அமேசானே விற்கும் பொருளுக்கு மட்டும்; அந்தத் தளத்தில் கடை விரித்திருக்கும் வெளி விற்பனையாளர் சொல்லும் விலை செல்லாது.

இந்தக் கடைசி விலக்கு வீணாக வந்ததில்லை. 2014 நவம்பரில் வால்மார்ட், இணையக் கடைகளின் விலைக்கும் ஈடு தருவதாக அறிவித்தது. சில நாள்களுக்குள் சிலர் அமேசானில் போலி விற்பனைப் பக்கங்களை உருவாக்கி, 400 டாலர் பெறும் பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுப் பெட்டியை 90 டாலருக்கும் கீழே போட்டுக் காட்டி, அதே விலைக்கு வால்மார்ட்டில் வாங்கிக்கொண்டு போனார்கள். நிறுவனம் அவசரமாக விதியைத் திருத்தி வெளி விற்பனையாளர்களை விலக்கியது. கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் நாம் பார்க்க வேண்டும். விலக்கு எல்லாமே ஏமாற்று அல்ல.

ஆனால் மாடல் எண் விஷயத்தில் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்க மெத்தைக் கடைகளில் இது நெடுநாள் வழக்கம். ஒரே ஆலையில் தைத்த, பெரிதாக வேறுபாடு இல்லாத மெத்தை கடைக்கு ஒரு பெயரில், கடைக்கு ஓர் உறையில் விற்கும். பெயர் வேறு என்றால் ‘அதே பொருள்’ அல்ல. ‘அதே பொருள்’ அல்ல என்றால் ஈடு இல்லை. ஆஸ்திரேலியாவில் வீட்டுக் கருவிகள் விற்கும் பன்னிங்ஸ் கடை இன்னும் ஒரு படி மேலே போய், எதிர்க்கடை விலையைவிட 10 விழுக்காடு குறைத்தே தருவதாகச் சொல்கிறது. ஆனால் அங்கே அலமாரி அலமாரியாக இருக்கும் ஓசிட்டோ கருவிகள் வேறு கடையில் கிடைப்பதே இல்லை. ஒப்பிட ஆளே இல்லாத பொருளுக்கு 10 விழுக்காடு என்றால் என்ன, 50 விழுக்காடு என்றால் என்ன?

யாருடைய விலையை ஏற்பது என்ற பட்டியலும் கடையின் கையில்தான். அமெரிக்கப் பேரங்காடியான டார்கெட் 2013 முதல் ஆண்டு முழுவதும் அமேசான், வால்மார்ட் விலைகளுக்கு ஈடு தந்துவந்தது. 2025 ஜூலை 28 முதல் நிறுத்திக்கொண்டது. இப்போது தன் கடைக்கும் தன் இணையதளத்துக்கும் இடையே மட்டும் ஈடு. பிரிட்டனின் ஜான் லூயிஸ் பேரங்காடி 1925 முதல் வைத்திருந்த முழக்கத்தைத் தமிழில் ‘தெரிந்தே எவருக்கும் விலையில் தோற்க மாட்டோம்’ என்று சொல்லலாம். அதில் ‘தெரிந்தே’ என்ற ஒரு சொல்லுக்குள் முழு நிபந்தனையும் அடங்கிவிட்டது. கடைத்தெருவில் கடை இல்லாத இணைய வணிகர்களை அவர்கள் வெகுகாலம் கணக்கிலேயே எடுக்கவில்லை. 2022இல் முழக்கத்தைக் கைவிட்டு, 2024 செப்டம்பரில் மீண்டும் கொண்டுவந்தார்கள். இம்முறை 25 கடைகளின் விலையைக் கணினி கொண்டு அவர்களே கண்காணிக்கிறார்கள். நுகர்வோர் கேட்காமலே விலை இறங்கும் இந்த வகைக்கு வேண்டுமானால் ‘உறுதி’ என்ற சொல்லைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

பொருளியலாளர்கள் சொல்லும் காரணம் ஒன்றும் உண்டு, என்னை அதிகம் கலங்கவைத்தது அதுதான். ஸ்டீவன் சாலப் 1986இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுவது. அந்த வாதத்தின் சாரம் இது: ‘எவர் விலை குறைத்தாலும் நானும் குறைப்பேன்’ என்று ஒரு கடை பலகை வைத்தால், அதை முதலில் படிப்பவர் எதிர்க்கடைக்காரர். தான் குறைத்தாலும் பலகை வைத்தவரின் வாடிக்கையாளர் தன்னிடம் வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு எதற்குக் குறைக்க வேண்டும்? இருவரும் உயர்ந்த விலையிலேயே நிலைத்துவிடலாம். கூடிப் பேசாமல் கூட்டுச் சேரும் வழி இது. எல்லாச் சந்தையிலும் இப்படித்தான் நடக்கும் என்று சொல்ல முடியாது. கேட்டு வாங்கும் அலைச்சலே பலரைத் தடுத்துவிடுவதால் இந்தப் பிடி தளரும் என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. ஆனாலும் விலையை உயர்த்திப் பிடிக்கக்கூடிய ஓர் ஏற்பாட்டுக்குக் ‘குறைந்த விலை உத்தரவாதம்’ என்று நாமே பெயர் சூட்டுவது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம்.

> ஆங்கிலச் சொல்லே எல்லோருக்கும் புரிகிறதே, தமிழில் எதற்கு?

இந்தியாவில் இதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, விளம்பரத்தில் உரிமைகோரல் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் அதன் நிபந்தனைக் குறிப்பும் இருக்க வேண்டும், எழுத்துருவும் அதுவே. நம் நாளிதழ்களின் முழுப்பக்க விளம்பரங்களைப் பாருங்கள். ‘வேறெங்கும் கிடைக்காத விலை’ என்று கொட்டை எழுத்தில் தமிழ் இருக்கும். கீழே ஒரு உடுக்குறி, அதற்கும் கீழே எறும்பு ஊர்வதுபோல் ஆங்கில வரி. அந்த வரியைத் தமிழில் கேட்டுப் பெறும் உரிமை வாசகருக்கு இருக்கிறது. எழுதுவதற்குச் சொல் இல்லை என்று ஒரு விளம்பர நிறுவனமும் சாக்குச் சொல்ல இடம் தரக் கூடாது.

ஆகவே துணைச்சொற்களும் வேண்டும். ‘ஃபைன் பிரிண்ட்’டுக்குச் சிற்றெழுத்து வேண்டாம், ஆங்கில நெடுங்கணக்கின் சின்ன எழுத்துகளுக்கு அது போய்விட்டது. பொடியெழுத்து கொச்சை என்று ஒரு மடல் சொன்னது. பேச்சில் உயிரோடு இருக்கும் சொல்லைக் கொச்சை என்று தள்ள நான் உடன்படவில்லை. வாங்கிய பிறகு அதே கடையில் விலை இறங்கினால் வித்தியாசத்தைத் திருப்பிப் பெறுவது தனி ஏற்பாடு. அமெரிக்காவின் காஸ்ட்கோ கடையில் 30 நாள் வரை கேட்கலாம், ஆனால் பிற கடை விலைக்கு அங்கே ஈடு இல்லை. இதற்குப் ‘பின்னீடு’ சரிவரும். எதிர்க்கடையைவிடக் குறைத்துத் தரும் பன்னிங்ஸ் வகைக்கு ‘மேலீடு’ என்று முதலில் நினைத்தேன். உணர்ச்சி மேலீடு குறுக்கே வருகிறது. ‘விலை முந்தல்’ எப்படி?

அன்புடன்.

*

மறுமொழி (டொரொன்டோவிலிருந்து)

வணக்கம் ஐயா. உங்கள் மடலை முழுக்க வாசித்தேன். இங்கே எங்கட சனத்துக்கு இது அன்றாடப் புழக்கம். சனிக்கிழமை பலசரக்குக் கடைக்குப் போனால், காசு கட்டும் இடத்தில் கைபேசியில் ஃபிளிப் செயலியைத் திறந்து மற்றக் கடையின் விளம்பரத் தாளை, அதாவது ஃபிளையரை, காட்டுவார்கள். காசாளர் முதலில் பார்ப்பது திகதி. பிறகு நிறை: ஃபிளையரில் 907 கிராம், கையில் 750 கிராம் என்றால் முடிந்தது கதை. பின்னால் வரிசை நிற்கும். பின்னுக்கு நிற்கிறவர் மூச்சு விடுகிற சத்தத்துக்கே பலர் கேட்காமல் விட்டுவிடுவார்கள். வால்மார்ட் கனடா இதை 2020 ஒக்டோபரில் நிறுத்தின பிறகு கேட்கக்கூடிய கடைகளும் குறைந்துவிட்டன.

‘ஈடு’ பற்றி ஒரு தயக்கம். யாழ்ப்பாணத்தில் காணியை ஈடு வைக்கிறது என்றால் அடமானம். ‘விலை ஈடு’ என்றவுடன் எங்கட பெரியாக்களுக்கு உறுதிப் பத்திரம்தான் நினைவுக்கு வரும். இன்னொன்று: ‘ஐடென்டிகல்’ என்பதற்கு நீங்கள் சொல் தரவில்லை. நாங்கள் ‘அச்சொட்டாக அதே மாதிரி’ என்போம். ‘அச்சொட்டுப் பொருள்’ என்று வைக்கலாமா?

*

மறுமொழி

‘விலை ஈடு’ என்று முதலில் எழுதியவன்தான் மீண்டும் எழுதுகிறேன். அச்சொட்டுப் பொருள் அருமை, ஐயா. ‘அதே பொருள்’ என்று எழுதினால் அதே வகை என்று வாதிட இடம் இருக்கிறது. அச்சொட்டு என்றால் மாடல் எண், நிறம், நிறை வரை எதிலும் பிசகக் கூடாது என்பது தெளிவு. நிபந்தனை எவ்வளவு இறுக்கமானது என்று வாசிப்பவருக்கும் உடனே தெரிந்துவிடும். அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

அடமானக் குழப்பத்துக்கு வினைதான் தீர்வு என்று நினைக்கிறேன். காணியை ஈடு ‘வைக்கிறோம்’. கடையில் ஈடு ‘கேட்கிறோம்’. இரண்டு வினையும் இடம் மாறுவதில்லை. பெயர்ச்சொல்லாகத் தனித்து வரும் தலைப்புகளில் மட்டும் ‘போட்டிவிலை ஈடு’ என்று முழுதாக எழுதினால் ஈழத்து வாசகருக்கும் ஐயம் வராது. ஒரு விளம்பர வரியை எழுதிப் பார்க்கிறேன்: ‘அச்சொட்டுப் பொருள் வேறு கடையில் குறைந்த விலைக்குக் கையிருப்பில் இருந்தால், ஆதாரத்துடன் ஈடு கேட்கலாம். வெளி விற்பனையாளர் விலைக்கும் பண்டிகை விற்பனை விலைக்கும் ஈடு இல்லை.’ பொடியெழுத்தில் போட அவசியமே இல்லாத அளவுக்கு இது சின்னது.

‘விலை முந்தல்’ பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. ஓட்டத்தில் முந்துவது மேலே போவது. இங்கே விலை கீழே போகிறது. அது நெருடுகிறதா என்று இரண்டு மூன்று பேர் எழுதினால் பட்டியலில் சேர்ப்பதா, வேறு தேடுவதா என்று முடிவெடுக்கலாம்.