புரோஸ்டேட் மருந்து தொடங்கியபின் ஆளே மாறிப்போனவர்களைப் பார்த்திருக்கிறீர்களா?

தலவாக்கலைக்காரன்:
புரோஸ்டேட் வீக்கத்துக்கு அப்பாவுக்கு முதலில் மூத்திரப் பாதையைத் தளர்த்தும் டாம்சுலோசின், அப்புறம் வீக்கத்தைச் சுருக்கும் ஃபினாஸ்டரைட் 5 மில்லிகிராமும் சேர்த்தார்கள். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடு) கக்கூஸுக்குப் படி இறங்கிப் போக வேண்டும், பனியில் டோர்ச்சோடு ராவுக்கு மூன்று நாலு தடவை போய்க்கொண்டிருந்தவர் ஒரு தடவையோடு நின்றார், எங்களுக்குச் சந்தோஷம். சில மாதத்தில் பேச்சு குறைந்தது. ஒரு நாள் பொழுதுபட வந்து பார்த்தால், இருபத்தைந்து வருஷமாக யாரையும் தொடவிடாத, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டித் துடைத்துப் பக்கத்துக் காம்பராப் பையன் கையில் கொடுக்கிறார். "வச்சிக்கடா, இனி எனக்கு என்னத்துக்கு." எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கிளினிக்கில் கொப்பியைப் புரட்டிவிட்டு "மூத்திரம் போகுதா?" என்று மட்டும் கேட்டார்கள். "போகுது சேர்" என்றார் அப்பா. அடுத்த திகதி போட்டாயிற்று.

பண்டாரவளை மருமகன்:
தம்பி, எல்லாவற்றையும் குளிசை மேல் போடாதீர்கள். என் மாமா ஃபினாஸ்டரைட்டைக் கண்ணாலும் பார்த்ததில்லை, அவரும் இப்படித்தான் ஆனார். ராவெல்லாம் எழும்பி எழும்பித் தூக்கம் கெட்டால் யாருக்குத்தான் மனசு நன்றாக இருக்கும்? பதுளைக்குப் போகும்போது தெமோதரைக்குக் கிட்ட பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினார். அவசரமாக வந்ததுதான், ஆனால் நின்றால் வரவில்லை. கொண்டக்டர் மணியடிக்கிறான், பின்சீட்டில் பிள்ளைகள் சிரிக்குதுகள். அதோடு கல்யாணம், கோயில், திருவிழா எல்லாம் கட். வெளியில் போனால்தானே அந்த வெட்கம் என்று வீட்டோடு இருந்துவிட்டார்.

ஹட்டன் அண்ணன்:
இரண்டு பேர் சொல்வதும் சரிதான். என் சித்தப்பாவுக்கு மனச்சோர்வுக்கு அமிட்ரிப்டிலின் கொடுத்தார்கள், மூத்திரம் ஒரேயடியாக அடைத்து, 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் டியூப் போட்டபோது அவர் விட்ட மூச்சு இன்னும் காதில் கேட்கிறது. ஆகவே மனநல மருந்து எழுதும் டொக்டரிடம் புரோஸ்டேட் இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், அடைக்காத வேறு மருந்துகள் இருக்கின்றன. தடிமனுக்கு பிரிட்டோன் (Piriton) குளிசை வாங்கி விழுங்குவதும் இதே ஆபத்துதான். ஃபினாஸ்டரைட் விஷயத்தில் தம்பி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது: 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்து முகமை தற்கொலை எண்ணத்தை அதன் பக்கவிளைவாக உறுதிப்படுத்தியது. அப்படி வந்த முறைப்பாடுகளில் பெரும்பாலானவை முடி உதிர்வுக்குக் கொடுக்கும் 1 மில்லிகிராமுக்குத்தான், ஆனாலும் 5 மில்லிகிராமுக்கும் எச்சரிக்கை உண்டு. கத்தியைக் கொடுத்த கதையை அப்படியே டொக்டரிடம் சொல்லுங்கள், அடுத்த திகதி வரை காத்திருக்க வேண்டாம். அவசரமென்றால் 1926க்கு அடியுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். ஃபினாஸ்டரைட் குளிசை, புரோஸ்டேட் புற்றுநோய்க்குப் பார்க்கும் பிஎஸ்ஏ இரத்தச் சோதனையின் அளவையும் ஏறக்குறைய பாதியாகக் காட்டும், இரத்தம் கொடுக்கும்போது அதையும் சொல்ல வேண்டும். பொழுதுபட்டால் பிளேன்டீ வேண்டாம், மூத்திரத்தைக் கூட்டும் (தேயிலைக்குள் பிறந்தவனிடம் இதைச் சொல்வது பாவம்தான்). டாம்சுலோசின் எடுப்பவர் சட்டென்று எழும்பினால் தலை சுற்றும், ராவில் படியிறங்க விடாமல் காம்பராவுக்குள்ளேயே ஒரு வாளி வையுங்கள்.

பண்டாரவளை மருமகன்:
வாளி வை என்று சொல்வது லேசு அண்ணே. விடிந்ததும் மருமகள் முன்னால் அதை யார் தூக்கிக்கொண்டு போவது? எங்கள் மாமா அதற்குப் பதில் படியிலேயே விழுந்து கிடப்பார்.